டீச்சரின் இடது கால்

நீர்ப்பறவைக் கால்நல உயர் மையத்துக்கு நீங்கள் இதுவரை போனதில்லை என்றால் கொடுத்து வைத்தவர். போகத்தான் வேண்டும் என்று தலையில் எழுதியிருந்தால் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டடத்துக்குள் நேராக நடக்கக் கூடாது.

இது சைக்கிள் கடைக்காரருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் பஞ்சர், செயின், பிரேக் கட்டை. வாத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்த ஒரே விஷயம், அது கடிக்கும் என்பது. அதுவும் அவர் மனைவி வளர்க்கிற வாத்து. சந்தையில் 'கூஸ்' என்று சொல்லி விற்பார்களே, நீளக் கழுத்தும் பெரிய உடம்புமாய் வெள்ளை வெளேரென்று, அந்த ஜாதி. கடைக்கு வருகிற எல்லாரையும் மார்பை நிமிர்த்திக்கொண்டு, "ஏன் லேட்டு?" என்று கேட்கிற தோரணையில் அதட்டுவதால் தெருவே அதற்கு டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டது.

மனைவி வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டு கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் படுத்த படுக்கையாகக் கிடந்த காலத்தில் யாரோ கொடுத்துவிட்டுப் போன குஞ்சு அது. கட்டிலுக்குப் பக்கத்தில் அட்டைப்பெட்டியில், மேஜை விளக்கின் சூட்டில் வளர்ந்தது. அவள் முதல்முதலாக எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது அதுவும் பெட்டியை விட்டு இறங்கிப் பின்னாலேயே நடந்தது. அன்றிலிருந்து அவள் போகும் இடமெல்லாம் போகும். அவளைத் தவிர உலகத்தில் எல்லாரும் அதற்கு விரோதி. புருஷன் முதல் விரோதி.

அப்படிப்பட்ட டீச்சர் ஒரு நாள் இடது காலைத் தரையில் ஊன்ற யோசித்தது. அடுத்த நாள் விந்தி விந்தி நடந்தது. பாதம் வீங்கி, தொட்டால் சுட்டது. மனைவி அதைத் தெருமுனையில் இருக்கும் நாய் டாக்டரிடம் காட்டச் சொன்னாள். டாக்டர் காலைப் பார்க்கவே மாட்டேன் என்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"முன்னாடியெல்லாம் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். இப்ப மையம் வந்துடுச்சே. நீர்ப்பறவையோட காலை அவங்களைத் தவிர யாரும் தொடக் கூடாதுன்னு உத்தரவு. இறக்கையில ஏதாவது இருந்தா சொல்லுங்க, பாக்கறேன்."

"இறக்கை நல்லாத்தான் இருக்கு டாக்டர்."

"அப்ப நான் என்ன பண்றது?" என்றார் அவர், ஏதோ இறக்கையை உடைத்துக்கொண்டு வராதது இவர் குற்றம் என்பது போல.

ஆகவே மையம். பளு தூக்கக் கூடாது என்று மனைவிக்கு ஆபரேஷன் செய்த டாக்டர் சொல்லியிருந்ததால் போகும் பொறுப்பு புருஷனுக்கு வந்தது. "கடையை நான் பாத்துக்கறேன். அவ காலைச் சரி பண்ணாம வீட்டுப் பக்கம் வந்துடாதீங்க," என்று சொல்லி அனுப்பினாள். வாத்தை எப்படித் தூக்குவது என்றும் காட்டிக் கொடுத்தாள். காலைப் பிடித்துத் தூக்கக் கூடாது. இறக்கையோடு சேர்த்து உடம்பைக் கக்கத்தில் அணைத்து, தலை பின்பக்கம் வருமாறு வைத்துக்கொள்ள வேண்டும். அப்போது முகம் தப்பும். மற்ற இடங்களுக்கு உத்தரவாதமில்லை.

மையத்தின் வாசலில் வெண்கலத்தில் ஒரு வாத்துச் சிலை, இடது காலைப் பாதி தூக்கியபடி நின்றது. உள்ளே தரை முழுக்கக் கறுப்புக் கல், முகம் பார்த்துத் தலை வாரலாம், அத்தனை பளபளப்பு. சைக்கிள் கடைக்காரர் போட்டிருந்தது பழைய டயரை வெட்டி அவரே அடி தைத்த செருப்பு என்பதால் வழுக்காமல் உள்ளே போனார். காவலாளி இடது காலை இழுத்து இழுத்து நடந்து வந்து அவரைத் தடுத்தார். அவருக்குப் பின்னால் பெருக்குகிற அம்மா இடது காலை இழுத்து நடந்தாள். வெள்ளைக் கோட்டுப் போட்ட இருவர் பேசிக்கொண்டே போனார்கள், இரண்டு பேருக்கும் இடது கால். கண் ஆஸ்பத்திரியில் கண்ணாடி போட்டவர்கள் அதிகம் இருப்பதில்லையா, அது மாதிரி ஏதோ இருக்கும் என்று அவர் எண்ணிக்கொண்டார்.

"கால்ல என்னங்க?" என்று காவலாளியிடம் அனுதாபமாக விசாரித்தார்.

காவலாளி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் காதோடு சொன்னார். "சார், சத்தம் போடாதீங்க. நேராவும் நடக்காதீங்க. கொஞ்சம் சாய்ச்சு, இழுத்து... ஆங், அப்படித்தான். யார் கேட்டாலும் இதான் என் சாதாரண நடைன்னு சொல்லுங்க."

விஷயம் இதுதான். மையத்தின் திறப்பு விழாவன்று இயக்குநர் ரிப்பனை வெட்டிவிட்டு, பெரிய மனிதர்கள் புடைசூழ, இன்னும் ஒரு தடவை மெருகு போடச் சொல்லித் தானே உத்தரவிட்ட தரையில் முதல் அடி எடுத்து வைத்தார். அடுத்த அடி அவர் கையில் இல்லை. இடுப்பில் பலத்த அடி, இடது காலில் நிரந்தர வலி. கால் வலி யாருக்கும் வரலாம், அதில் சிரிக்க ஒன்றுமில்லை. எழுந்து நின்று தனக்கு ஒன்றுமே ஆகவில்லை என்று அறிவித்தாரே, அங்கேதான் வந்தது வினை. ஒன்றும் ஆகாத மனிதர் நடப்பது சரியான நடையாகத்தானே இருக்க வேண்டும்? அதைப் புரிந்துகொள்ளாத துணை இயக்குநர் ஒருவர் அந்த வாரம் அவருக்குப் பக்கத்தில் நேராக நடந்து தொலைத்தார். ஊருக்கு வெளியே, காற்றுக்கூட மூக்கைப் பொத்திக்கொண்டு போகிற முட்டைக் கிடங்குக்கு அவரை மாற்றிவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் படித்தவர்கள். ஒரு தடவை பார்த்தாலே பாடம் ஏறிவிடும்.

அப்புறம் வாத்துகள் வந்தன. எது நல்ல நடை, எது கோளாறு என்று வரையறுக்கக் குழு போட்டார்கள். குழுவில் இருந்த எல்லாருக்கும் ஒரே மாதிரி நடை. அந்த நடைதான் தரம் ஆயிற்று. தரையைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. அங்கே யாரும் விழாததால் தரை வழுக்குகிறது என்று சொல்ல வழியில்லை.

காத்திருக்கும் கூடத்தில் ஒரு பண்ணைக்கார அம்மா இரண்டு வாத்துகளோடு உட்கார்ந்திருந்தாள். இரண்டின் இடது காலிலும் மரச்சிம்பு வைத்துக் கட்டியிருந்தது.

"என்னம்மா, ரெண்டுக்கும் ஒரே கால்லயா உடைஞ்சுது?"

"உடையறதாவது! மான் மாதிரி ஓடிட்டிருந்துச்சுங்க ரெண்டும். தடுப்பூசி போடத்தான் கூட்டிட்டு வந்தேன். ரெண்டு காலையும் ஒரே மாதிரி ஊணுது, சமநடைக் கோளாறுன்னு சொல்லிக் கட்டிட்டாங்க."

"இப்ப எப்படி இருக்கு?"

"நல்ல முன்னேற்றம்ங்கறாங்க. நொண்ட ஆரம்பிச்சுடுச்சு."

கூடம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. காவலாளி உதட்டில் விரலை வைத்தார். அந்தச் சொல் அந்தக் கட்டடத்தில் புழக்கத்தில் இல்லை.

பரிசோதனை அறையில் நடை நிபுணர் இருந்தார். சின்ன வயசுப் பெண், தூக்கம் போதாத கண்கள், கழுத்தில் பதக்கம் மாதிரி ஏதோ தொங்கியது. தரையில் ஒரு சிவப்புக் கோடு, எதிர்ப்பக்கம் ஒரு பச்சைக் கோடு. சிவப்பிலிருந்து பச்சைக்கு வாத்து நடக்க வேண்டும். டீச்சரை இறக்கி விட்டதும் அது முதல் காரியமாகச் சைக்கிள் கடைக்காரரின் தொடையில் ஒரு போடு போட்டது. பிறகு இடது காலை வலியோடு தொட்டுத் தொட்டு எடுத்து, உடம்பை வலப்பக்கம் சாய்த்து, நடந்தது.

அறையில் இருந்த உதவியாளர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். நிபுணர் குனிந்து டீச்சரின் பாதத்தைக் கூர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சொல்லாமல் மூடிக்கொண்டார். நிமிர்ந்து, "பரிபூரண நடை," என்றார்.

உதவியாளர்கள் கை தட்டினார்கள்.

"டாக்டரம்மா, அது நடக்க முடியாம கஷ்டப்படுது. கால் வீங்கியிருக்கு பாருங்க. தொட்டாக் கத்துது. ஒரு தடவை தூக்கித் திருப்பிப் பாருங்களேன்."

"தூக்கிப் பாக்கறதெல்லாம் பழைய முறை. இங்க நடையை மட்டும்தான் பாப்போம்," என்றார் நிபுணர், அவர் முகத்தைப் பார்க்காமல்.

அதற்குள் செய்தி மாடிக்குப் போய், இயக்குநரே இறங்கி வந்துவிட்டார். தும்பைப் பூ மாதிரி சட்டை, கல்லில் அடித்து வைத்த மாதிரி புன்னகை. டீச்சர் மறுபடி நடக்க வைக்கப்பட்டது. இயக்குநர் கண் கலங்கிவிட்டார்.

"எத்தனை வருஷம்! எத்தனை ஆயிரம் வாத்து! எல்லாத்தையும் நாம கட்டுப் போட்டு, சிம்பு வெச்சு, அடிச்சுத் திருத்தி இந்த நடைக்குக் கொண்டு வந்தோம். இது ஒண்ணு மட்டும்தான் தானாவே வந்திருக்கு. இயற்கை என் பக்கம்தான் இருக்குன்னு நான் சொன்னப்ப யாரும் நம்பல." பிறகு சைக்கிள் கடைக்காரரின் தோளைத் தட்டினார். "இதுதான் இனிமே எங்க மாதிரி வாத்து. கண்ணாடி அறையில வெச்சுப் பாத்துக்கறோம். நீங்க பெருமைப்படணும்."

"எனக்குப் பெருமையெல்லாம் வேணாங்க. வாத்து போதும்."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க," என்றார் இயக்குநர், பெரிய மனது பண்ணி.

சைக்கிள் கடைக்காரர் வெறுங்கையோடு வீடு திரும்பினார். மனைவி கடை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"டீச்சர் எங்க?"

"பதவி குடுத்துட்டாங்க," என்றார் அவர்.

திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். அவள் பாட்டுக்குக் கல்லாவை மூடினாள், அறைக்குள் போனாள், அங்கே பின்னால் யாரும் நடந்து வராததால் பாதி வழியில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாளிலிருந்து அவர் மையத்துக்கு நடையாய் நடந்தார். வாசலில் அவரைப் பார்த்ததுமே காவலாளி, "இன்னும் கொஞ்சம் இழுங்க சார், இடுப்பு பத்தல," என்று திருத்திவிடுவார். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் காற்றடிக்கும் பம்புக்கும் கல்லாவுக்கும் நடுவே பழகிப் பழகி, நாலைந்து நாளில் அவர் நடை அங்கே வேலை பார்க்கிற பாதிப் பேரைவிடத் தேறிவிட்டது. அந்தத் திறமையைப் பாராட்டி அவரைக் கண்ணாடி அறை வரைக்கும் விட்டார்கள்.

உள்ளே டீச்சர் கறுப்புக் கல்லின் மேல் நின்றது. படுக்க வைக்கோல் இல்லை, நீந்தத் தண்ணீர் இல்லை. மாதிரி என்றால் எல்லார் கண்ணிலும் படும்படி நிற்க வேண்டுமாம். கல்லில் நின்று நின்று இடது பாதம் எலுமிச்சம்பழம் அளவுக்கு உருண்டிருந்தது. வெளியே ஒரு கூட்டம் அதைப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டது. சைக்கிள் கடைக்காரர் கண்ணாடியில் கையை வைத்தார். எப்போதும் அவரைக் கண்டதும் கழுத்தைத் தாழ்த்திச் சீறிக்கொண்டு வரும் டீச்சர், அன்று சீறவில்லை. பார்த்தது, அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் அது தன்னைக் கடிக்க வராதது அவருக்கு அதுவே முதல் தடவை.

நடைக்கூடத்து முனையில் நடை நிபுணரை மடக்கிப் பிடித்தார்.

"டாக்டரம்மா, நான் படிக்காதவன். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவ கால்ல என்ன?"

நிபுணர் இரண்டு பக்கமும் பார்த்தார். யாரும் இல்லை.

"உள்ளங்கால்ல காயம் பட்டு, உள்ள சீழ் கட்டியிருக்கு. கெட்டித் தரையில நிக்கற வாத்துக்கு வர்றதுதான். பாதத்தைத் திருப்பினா நடுவுல கறுப்பா ஒரு பொருக்கு தெரியும். முதல் நாளே எனக்குத் தெரியும்."

"தெரியுமா! அப்ப ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? அது நொண்டுதுன்னு சொன்னா, அதே மாதிரி நடக்கற இன்னொருத்தரும் நொண்டறார்னு சொன்ன மாதிரி ஆயிடாதா?"

சைக்கிள் கடைக்காரர் பேந்தப் பேந்த விழித்தார். "சரி, அதை விடுங்க. பொருக்கை எடுத்துட்டுச் சுத்தம் பண்ணா?"

"சரியாயிடும்."

"அப்ப பண்ணுங்க!"

"சரியானா நேரா நடக்குமே. மாதிரி வாத்து நேரா நடந்தா நான் முட்டைக் கிடங்குக்குப் போகணும். எனக்கு அந்த வாசனை ஒத்துக்காது."

"பண்ணலன்னா?"

"சீழ் எலும்புக்குப் போகும். அப்புறம் ரத்தத்துல கலக்கும்." நிபுணர் கோட்டு முனையால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "பயப்படாதீங்க. ஆண்டு விழா வரைக்கும் தாங்கும்."

இதைச் சொல்லிவிட்டு, பின்னால் கதவு திறக்கிற சத்தம் கேட்டதும், இடது காலை அழகாக இழுத்துக்கொண்டு போய்விட்டார். சைக்கிள் கடைக்காரருக்கு அதுவரை இருந்தது குழப்பம். அன்றுதான் கோபம் வந்தது. முட்டாள்கள் நடத்துகிற இடம் என்றால்கூட மன்னிக்கலாம், இவர்கள் எல்லாம் தெரிந்தவர்கள்.

ஆண்டு விழா வந்தது. பெரிய கூடம், அதே கறுப்புக் கல், அன்றைக்கென்று விசேஷமாக இன்னொரு மெருகு. மேலிடத்திலிருந்து வந்த சிறப்பு விருந்தினர்கள் முன்வரிசையில் நின்றார்கள். அவர்களுக்கும் வாசலிலேயே யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும், எல்லாரும் வலப்பக்கம் லேசாகச் சாய்ந்தே நின்றார்கள். நாற்காலி போடவில்லை, நடையைக் கொண்டாடும் விழாவில் உட்கார்வது மரியாதை இல்லையாம். வாத்துக்குச் சொந்தக்காரர் என்ற முறையில் சைக்கிள் கடைக்காரருக்குக் கடைசி வரிசையில், காவலாளிக்குப் பக்கத்தில் இடம்.

இயக்குநர் ஒலிபெருக்கி முன்னால் வந்தார்.

"எனக்கு முன்னால் வாத்துகள் எப்படி நடந்தன தெரியுமா? இஷ்டத்துக்கு நடந்தன. தண்ணீர் இருக்கும் பக்கம் நடந்தன, தீனி இருக்கும் பக்கம் நடந்தன. ஒரு ஒழுங்கு உண்டா? ஒரு தத்துவம் உண்டா? இந்த மையம் வந்த பிறகுதான் கால் கோளாறு என்பது எத்தனை பரவலானது என்று உலகத்துக்கே தெரிந்தது. இங்கே கொண்டுவரப்படும் பறவைகளில் கோளாறு இல்லாதது ஒன்றுகூட இல்லை! இந்த ஊரில் மையம் இல்லாத காலத்தில் இத்தனை கோளாறு இருந்ததா? இல்லை. அப்படியானால் கண்டுபிடித்தது யார்?"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

"என் நடையைப் பற்றிச் சிலர் பேசிக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்களுக்கு நான் வார்த்தையால் பதில் சொல்லப்போவதில்லை. இயற்கையே பதில் சொல்லட்டும்."

கண்ணாடி அறைக் கதவு திறந்தது. டீச்சரை வெளியே விட்டார்கள். இயக்குநர் மேடையிலிருந்து இறங்கி அதன் பக்கத்தில் போய் நின்றார். இரண்டு பேரும் ஒன்றாகக் கூடத்தின் நடுவே நடக்க ஆரம்பித்தார்கள். இழுப்பு, சாய்வு, ஊன்றல், மறுபடி இழுப்பு. அச்சு அசல் ஒன்றாக இருந்தது. முன்வரிசையில் ஒருவர் "ஆஹா" என்றார். இயக்குநரின் நெற்றியில் வலியால் வியர்வை பொடித்தது, ஆனால் புன்னகை கல்லில் அடித்தது அப்படியே இருந்தது.

பாதி வழியில் டீச்சர் உட்கார்ந்துவிட்டது.

இயக்குநர் ஒரு அடி அதிகமாகப் போய் நின்றார், திரும்பினார். டீச்சர் எழுந்திருக்கவில்லை. ஒரு உதவியாளர் பின்னாலிருந்து தட்டிப் பார்த்தார். அது கழுத்தைத் தரையில் நீட்டிப் போட்டுக்கொண்டது.

அந்த வாத்துக்கு உடம்பு சரியில்லை என்று சொல்ல அந்தக் கூடத்தில் ஒரே ஒரு வாய் போதும். இருந்த வாய்கள் எல்லாம் மூடியிருந்தன. மாதிரிக்கு உடம்பு சரியில்லை என்றால் தரத்துக்கு உடம்பு சரியில்லை, தரத்துக்குச் சரியில்லை என்றால்... அதற்கு மேல் நினைக்க யாருக்கும் தைரியம் இல்லை. அப்போது புதிய துணை இயக்குநர், முட்டைக் கிடங்கை மனதில் நினைத்தவராய், சட்டென்று தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். அவருக்கு அடுத்தவர் உட்கார்ந்தார். வரிசை வரிசையாக வெள்ளைக் கோட்டுகள் இறங்கின. சிறப்பு விருந்தினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, உடுப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

இயக்குநர் ஒரு கணம் விழித்தார். பிறகு தொண்டையைச் செருமினார். பெரிய பதவிக்கு இப்படிப்பட்டவர்கள் எப்படி வருகிறார்கள் என்று நமக்கு அடிக்கடி சந்தேகம் வருமே, இப்படித்தான்.

"பார்த்தீர்களா! நான் அடுத்த ஆண்டு சொல்லலாம் என்று வைத்திருந்ததை இந்தப் பறவை இன்றே சொல்லிவிட்டது. நடையின் நோக்கம் என்ன? போய்ச் சேருவது. போய்ச் சேர்ந்தவன் என்ன செய்வான்? உட்காருவான். ஆகவே உட்கார்ந்திருப்பவனே நன்றாக நடந்தவன்! இன்று முதல் இதுதான் தரம்."

இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அவரும் உட்கார்ந்தார். பல வருஷத்துக்குப் பிறகு அந்தக் கால் கொஞ்சம் ஓய்வு கண்டது என்பதுதான் அந்த விழாவில் நடந்த ஒரே வைத்தியம்.

"சார், உக்காருங்க சார்," என்று காவலாளி கீழேயிருந்து வேட்டி முனையை இழுத்தார். "நீங்க ஒருத்தர்தான் நிக்கறீங்க."

சைக்கிள் கடைக்காரர் டீச்சரைப் பார்த்தார். அந்தக் கழுத்து தரையில் கிடந்து அவர் பார்த்ததே இல்லை. எந்த நேரமும் யாரையாவது அதட்ட நிமிர்ந்தே இருக்கும் கழுத்து. பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்த மனைவியின் முகம் ஞாபகம் வந்தது. அவர் வேட்டியை விடுவித்துக்கொண்டு நடந்தார்.

நேராக நடந்தார். டயர்ச் செருப்பு கறுப்புக் கல்லில் சரக் சரக்கென்று பிடித்தது. அந்தச் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. உட்கார்ந்திருந்த தலைகளுக்கு நடுவே போய்க் குனிந்து, இறக்கையோடு சேர்த்து டீச்சரை அணைத்துத் தூக்கினார். தலை பின்பக்கம் வருகிற மாதிரி வைத்துக்கொள்ள மறந்துவிட்டார். அது அவர் தோளில் கழுத்தைச் சாய்த்துக்கொண்டது.

"அவனைப் பிடிங்க! மாதிரியைத் தூக்கிட்டுப் போறான்!" என்று இயக்குநர் அலறினார்.

யார் பிடிப்பது? பிடிக்க எழுந்திருக்க வேண்டும். எழுந்து ஓட வேறு வேண்டும். முதலில் எழுகிறவன் கோளாறுள்ளவன். ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தார்கள். ஒரு உதவியாளர் மட்டும் உட்கார்ந்த வாக்கிலேயே துரத்தப் பார்த்தார். மெருகு போட்ட தரை அவருக்குக் கொஞ்ச தூரம் ஒத்தாசை செய்தது, பிறகு அவரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வந்த திசைக்கே முகத்தைத் திருப்பி வைத்தது.

வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கை அவர் வேட்டியைப் பற்றியது. நடை நிபுணர்.

"இன்னைக்கே திறந்து சுத்தம் பண்ணிடணும். உப்புப் போட்ட வெந்நீர்ல ஊற வெச்சா பொருக்கு இளகும்," என்று கிசுகிசுத்தார்.

"நீங்களே வந்து பண்ணுங்க டாக்டரம்மா. எழுந்து வாங்க."

அவர் தன் கால்களைப் பார்த்தார். "கால் மரத்துப் போச்சு," என்றார். உட்கார்ந்து கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

சைக்கிள் கடைக்காரர் அவர் கையை மெதுவாக எடுத்துவிட்டு வெளியே போனார்.

நாய் டாக்டரிடம் போகிற வழியில், கடை வாசலில் நின்ற மனைவியும் சேர்ந்துகொண்டாள். அவள் டாக்டரிடம் கெஞ்சவில்லை, உத்தரவு போடுகிற மாதிரி பேசினாள். "இது கால் இல்ல டாக்டர். இறக்கைன்னு நினைச்சுக்கிட்டுப் பாருங்க." டாக்டர் டீச்சரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், எழுந்து போய் ஷட்டரைப் பாதி இறக்கினார். மனைவி மடியில் துணியைப் போட்டு டீச்சரைப் படுக்க வைத்து, அதன் கண்ணை மூடிப் பிடித்துக்கொண்டாள். வெந்நீரில் ஊறிய பொருக்கு கழன்றதும் அடியில் கட்டிக் கட்டியாய்ச் சீழ். எல்லாவற்றையும் எடுத்துக் கழுவி, மருந்து வைத்து, மெத்தென்று கட்டுப் போட்டார் டாக்டர். "நல்லவேளை, எலும்புக்குப் போகல. ஊசி போடணும். கடை வாசல் சிமெண்ட்டுல விடாதீங்க, வைக்கோல் போடுங்க. காயம் ஆறினதும் தண்ணியில நீந்த விடுங்க. இவ்வளவுதான் விஷயம்," என்றார்.

"இவ்வளவுதானா?" என்றார் சைக்கிள் கடைக்காரர். அவருக்கு அழுகை வந்துவிட்டது. எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது. கட்டு நனையாமல் இருக்க மனைவி பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிப் பாதத்துக்கு ஒரு உறை போட்டாள். அவர் கடை வாசலில் சிதறிக் கிடந்த கம்பித் துணுக்கையெல்லாம் பெருக்கித் தள்ளிவிட்டு வைக்கோலைப் பரப்பினார். வாடிக்கையாளர்கள் சைக்கிளை நிறுத்த இடம் இல்லாமல் போயிற்று. நிறுத்தட்டும் தெருவில்.

கட்டைப் பிரித்துக் கொஞ்ச காலம் கழித்து, மையத்துக் காவலாளி கடைக்கு வந்தார். தெருவில் ஜாம் ஜாம் என்று நடந்து வந்தவர், கடைப் படியில் ஏறியதும் பழக்க தோஷத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"ஒரு ஆர்டர் சார். பலகை வேணும், அடியில சின்னச் சின்னச் சக்கரம் வெச்சு. எல்லாருக்கும் வேணும். இயக்குநருக்கு மட்டும் மெத்தை வெச்சது."

"எதுக்கு?"

"எல்லாரும் உக்காந்தேதானே வேலை பாக்கணும்? மாடிக்குப் போறதுக்குள்ள உயிர் போயிடுது. எழுந்து நின்னுட்டா சிகிச்சை குடுத்துடறாங்க. நேத்து பெருக்கற அம்மாவுக்கு ரெண்டு கால்லயும் கட்டு." குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணும் கேட்டுட்டு வரச் சொன்னாங்க. அங்க மாதிரியா வெச்சிருந்த வாத்து. அது இப்ப எப்படி இருக்கு? நல்லா உக்காருதா?"

சைக்கிள் கடைக்காரர் பதில் சொல்வதற்குள் வைக்கோலுக்குப் பின்னாலிருந்து ஒரு கழுத்து நிமிர்ந்தது. மையத்துச் சீருடையின் நிறத்தை அது மறக்கவில்லை. இரண்டு காலையும் ஒரே மாதிரி ஊன்றி, இறக்கையை விரித்து, சீறிக்கொண்டு வந்தது டீச்சர். வழியில் நின்ற சைக்கிள் கடைக்காரரையும் விடவில்லை, போகிற போக்கில் தொடையில் ஒரு போடு போட்டுவிட்டுப் போனது. அவர் தொடையைத் தேய்த்துக்கொண்டு சிரித்தார். உள்ளேயிருந்து மனைவி, "என்ன சத்தம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

"ஒண்ணுமில்ல. அவளுக்குச் சரியாயிடுச்சு," என்றார்.

இரண்டு பேரும் வாசலில் நின்று பார்த்தார்கள். காவலாளி தெருக்கோடி வரைக்கும் ஓடிக்கொண்டிருந்தார். இடது கால், வலது கால், இடது கால், வலது கால். ஒரு இழுப்பு இல்லை, ஒரு சாய்வு இல்லை. அத்தனை வருஷம் மையத்தில் வேலை பார்த்த மனிதர், அப்படி நேராக ஓடினார்.